பொய் சொன்னதுண்டு: ஐந்துக்கு நான்கு

சித்தி மகள் உளவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருக்கிறாள். ஒரு நாள் காலையில் தொலைபேசியில் அழைத்தாள். "அண்ணா, பன்னிரண்டே வரிதான். தமிழில் மாற்றிக் கொடுங்கள். உங்களுக்கு அரைமணி நேர வேலை." மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்டவனிடம் அரைமணி நேர வேலை என்று யார் சொன்னாலும் அதை நாட்கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். எனக்குப் பதினொரு நாள் ஆயிற்று.

அவள் அனுப்பியது 'டர்ட்டி டசன்' என்ற வினாப்பட்டியல். பீட்டர் ஜோனசன், கிரிகரி வெப்ஸ்டர் என்ற இருவர் 2010-இல் வெளியிட்டது. மனிதரின் இருண்ட குணங்கள் மூன்றையும் பன்னிரண்டு கூற்றுகளில் அளந்துவிடலாம் என்கிறது. சூழ்ச்சிக்கு நான்கு, ஈரமின்மைக்கு நான்கு, தற்பெருமைக்கு நான்கு. அவள் அனுப்பிய பிரதியில் ஒவ்வொரு கூற்றுக்கும் எதிரே ஐந்து கட்டங்கள். 'சற்றும் பொருந்தாது' என்றால் ஒன்று, 'முழுக்கப் பொருந்தும்' என்றால் ஐந்து. நிரப்ப இரண்டு நிமிடம் போதும்.

இந்த மூன்று குணங்களையும் ஒரே கயிற்றில் கட்டியவர்கள் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெல்ராய் பவுல்ஹஸும் கெவின் வில்லியம்ஸும். 2002-இல் எழுதிய கட்டுரையில் சுயமோகம் (மேலே சொன்ன தற்பெருமை), இத்தாலிய அரசியல் சிந்தனையாளர் மாக்கியவெல்லியின் பெயரால் வழங்கும் மாக்கியவெல்லித்தனம் (சூழ்ச்சி), சைக்கோபதி (ஈரமின்மை) ஆகியவற்றுக்கு 'இருண்ட மும்மை' என்று பெயர் வைத்தார்கள். மூன்றும் ஒன்றோடொன்று உரசிக்கொள்ளும், ஆனாலும் மூன்றும் ஒன்றல்ல என்பது அவர்கள் வாதம். இங்கே பேசப்படுவது நோயும் அல்ல. உயரமும் எடையும் போல எல்லோரிடமும் கூடக்குறைய இருக்கிற குணத்தைத்தான் அளக்கிறார்கள். இதைச் சொல்லவேண்டியிருப்பதற்குக் காரணம், 'சைக்கோ' என்ற சொல் நம்மிடம் படும் பாடு. பிடிக்காத மேலதிகாரி, பிரிந்துபோன காதலர், சத்தமாகப் பேசும் மாடிவீட்டுக்காரர் எல்லோரும் நமக்கு சைக்கோதான்.

முதல் கூற்றிலேயே நான் தடுக்கி விழுந்தேன். காரியம் நடக்க வேண்டும் என்பதற்காகப் பிறரை நான் ஏதோ செய்கிறேன் என்கிறது அது. அந்த 'ஏதோ'வுக்கு ஆங்கிலத்தில் 'மேனிபுலேட்' என்று ஒரு சொல் இருக்கிறது. கையால் ஒரு கருவியைத் திருப்புவது என்ற பழைய பொருளும் அதற்குள் இருப்பதால் அது முழுக்க வசைச்சொல்லாக ஆகிவிடவில்லை. தமிழில் தேடிப் பாருங்கள். 'ஆட்டிவைக்கிறேன்' என்றால் மந்திரவாதி. 'சூழ்ச்சி செய்கிறேன்' என்றால் புராணத்து வில்லன். அந்தக் கட்டத்தில் யாரும் ஐந்து போட மாட்டார்கள். சகுனியே வந்தாலும் இரண்டுக்கு மேல் போட யோசிப்பான். மறுபக்கம் 'பக்குவமாகப் பேசிக் காரியம் சாதிப்பேன்' என்று எழுதினால் எல்லோரும் ஓடி வந்து ஐந்து போடுவார்கள், ஏனென்றால் அது சாமர்த்தியம். நம் பேச்சில் 'காரியக்காரர்' பாராட்டு, 'காரியவாதி' வசை. இரண்டும் ஒரே ஆளையே குறிக்கலாம். அவரால் பலன் அடைந்தவர் முதல் சொல்லைச் சொல்வார், அடி வாங்கியவர் இரண்டாவதைச் சொல்வார்.

இந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் பிடிபட ஆரம்பித்தது. குணத்தை அளப்பதாகச் சொல்லும் இந்தத் தாள் முதலில் அளப்பது, ஒரு குறிப்பிட்ட சொல்லைத் தன்மேல் ஒட்டிக்கொள்ள ஒருவர் எவ்வளவு தூரம் சம்மதிக்கிறார் என்பதைத்தான். குணம் அதற்குப் பின்னால் எங்கோ நிற்கிறது. சொல்லை மாற்றினால் ஊரே நல்லவர்களாகிவிடும், அல்லது ஊரே சூழ்ச்சிக்காரர்களாகிவிடும்.

கடைசியில் 'நான் நினைத்தது நடக்க வேண்டும் என்பதற்காகப் பிறரை என் போக்குக்குத் திருப்புவதுண்டு' என்று எழுதினேன். இன்றும் முழுத் திருப்தி இல்லை.

முகஸ்துதி பற்றிய கூற்று எளிதாக முடிந்தது, நல்ல பழைய சொல் கையிலேயே இருந்தது. பொய் அதைவிட எளிது; பொய்க்குத் தமிழில் பஞ்சமில்லை. அடுத்த பெரிய பள்ளம், செய்த தவறுக்காக மனம் உறுத்தாமல் இருப்பது பற்றிய கூற்று. முதல் வரைவில் 'செய்ததை நினைத்து நான் அதிகம் வருந்துவதில்லை' என்று எழுதியிருந்தேன். இப்படிப்பட்ட வேலைகளில் ஒரு வழக்கம் உண்டு: மூலத்தைப் பார்க்காத இன்னொருவரிடம் மொழிபெயர்ப்பைக் கொடுத்து மறுபடி ஆங்கிலமாக்கச் சொல்வார்கள், பிறகு இரண்டு ஆங்கிலத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இது ஏறக்குறைய சடங்காகிவிட்டது. தங்கை தன் தோழி ஒருத்தியிடம் கொடுத்திருக்கிறாள். திரும்பி வந்த வரிக்கு 'கடந்து போனதைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை' என்று பொருள்! ஈவிரக்கமின்மையை அளக்க வேண்டிய கூற்று, தன்னம்பிக்கைப் பேச்சாளர் மேடையில் உதிர்க்கும் வாசகமாக மாறியிருந்தது. 'அடுத்தவருக்குக் கெடுதல் செய்தாலும் என் மனம் உறுத்துவதில்லை' என்று திருத்தினேன். இப்போது அது மூலத்தைவிடக் கடுமையாகிவிட்டதோ என்ற சந்தேகம் வந்தது. மூலத்தில் 'கெடுதல்' என்ற சொல்லே கிடையாது.

'சினிக்கல்' என்பதற்கு மூன்று நாள் போயிற்று. எதிலும் நல்லதைக் காணாதவன், யாரையும் நம்பாதவன், எல்லாவற்றுக்கும் உள்நோக்கம் கற்பிப்பவன் என்று விரித்துச் சொல்லலாமே ஒழிய ஒற்றைச் சொல்லாகச் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை. இன்னொன்றும் உறுத்தியது. எல்லோர்மீதும் அவநம்பிக்கை கொள்வது எப்படி சைக்கோபதியின் கணக்கில் சேரும்? நாலு முறை ஏமாந்த யாரும் அப்படித்தானே ஆவார்கள்? இதைத் தங்கையிடம் கேட்டேன். "அண்ணா, உங்களை மொழிபெயர்க்கத்தான் சொன்னேன்" என்றாள். நியாயம்தான்.

ஆனால் கை சும்மா இருக்கவில்லை. இந்தப் பன்னிரண்டுக்கு முன்னால் என்ன இருந்தது என்று தேடிப் படித்தேன். ரிச்சர்ட் கிறிஸ்டியும் ஃபுளோரன்ஸ் கைஸும் 1970-இல் வெளியிட்ட நூலில் 'மாக்-4' என்ற அளவுகோல் இருக்கிறது. இருபது கூற்றுகள். சிலவற்றை மாக்கியவெல்லியின் எழுத்திலிருந்தே எடுத்திருக்கிறார்கள். தகப்பன் செத்ததை மறப்பதைவிடச் சொத்து போனதை மறப்பது மனிதர்களுக்குக் கடினம் என்று ஒன்று. அதற்கு ஆமாம் போடுகிறவரும் இல்லை போடுகிறவரும் தங்களைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. உலகத்தைப் பற்றி ஓர் அபிப்பிராயம் சொல்கிறார்கள், அவ்வளவுதான். அந்த அபிப்பிராயத்தின் வழியாக அவர்களுடைய உள்ளே எட்டிப் பார்க்கிறது அந்த அளவுகோல். 'நான் பொய்யன்' என்று சொல்ல வைப்பதைவிட இது நாகரிகமான வழி, தந்திரமான வழியும்கூட. இருபதில் பாதி நேர்த்திசையிலும் பாதி எதிர்த்திசையிலும் எழுதப்பட்டவை. எதைக் கேட்டாலும் தலையாட்டுகிறவரின் தலையாட்டல் ஒன்றையொன்று கழித்துக்கொண்டுவிடும். டர்ட்டி டசனிலோ பன்னிரண்டும் ஒரே திசை. எல்லாவற்றுக்கும் ஆமாம் சாமி போடும் அப்பாவி அதில் அரக்கனாகத்தான் வெளியே வருவார்.

டர்ட்டி டசனுக்குப் பிறகு வந்த இன்னொன்றும் உண்டு. டேனியல் ஜோன்ஸும் பவுல்ஹஸும் 2014-இல் வெளியிட்ட 27 கூற்றுகள் கொண்ட குறும்பட்டியல். அதில் ஐந்து கூற்றுகள் எதிர்த்திசையில் உள்ளவை. அவற்றில் ஒன்று, 'நான் ஒரு சராசரி ஆள்'. இதை மறுப்பவருக்கு சுயமோகத்தில் மதிப்பெண் கூடும். என்னிடம் அதை மொழிபெயர்க்கச் சொல்லாதது என் நல்லூழ். தமிழில் 'நான் சாதாரண ஆளுங்க' என்று மேடையில் மைக்கைப் பிடித்துச் சொல்கிறவர்களை எண்ணிப் பாருங்கள். மாலை கழுத்தை மறைத்து முகத்தை எட்டும் நேரத்தில்தான் அந்த வாசகம் வரும். தன்னடக்கத்தை உரக்க அறிவிப்பது நம் மொழியில் ஒரு கலை. அந்தக் கலையில் தேர்ந்தவர்கள் எல்லோரும் இந்தக் கூற்றில் தப்பிவிடுவார்கள். அதே பட்டியலில் 'ரகசியங்களை வெளியில் சொல்வது புத்திசாலித்தனம் அல்ல' என்றும் ஒரு கூற்று இருக்கிறது. ஆமாம் என்றால் சூழ்ச்சிக்கணக்கில் ஏறும். என் பாட்டி வாழ்நாள் முழுக்க இதைத்தான் சொன்னாள். அவள் சூழ்ச்சிக்காரி அல்ல. இரண்டு நாத்தனார்களோடு ஒரே வீட்டில் நாற்பது வருடம் வாழ்ந்தவள்.

பட்டியல்கள் ஏன் இப்படிக் குறுகின என்பதற்குக் காரணம் எளிது. மூன்று குணங்களுக்கும் தனித்தனியாக இருந்த பழைய அளவுகோல்களைச் சேர்த்தால் 91 கூற்றுகள் வந்தன. ஆய்வில் பங்கேற்க வந்தவர் ஐம்பதாவது கூற்றைத் தாண்டும்போது படிப்பதை நிறுத்திவிட்டுக் கட்டங்களை மட்டும் நிரப்ப ஆரம்பித்துவிடுவார். நானே அப்படி நிரப்பியிருக்கிறேன். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற நம்பிக்கைதான் குறும்பட்டியலுக்கு அடிப்படை. பானையில் இருப்பது முழுக்க ஒரே அரிசியாக இருந்தால் அது சரி.

இங்கே கொஞ்சம் கணக்கு வருகிறது. பிடிக்காதவர்கள் ஒரு பத்தி தாண்டிக்கொள்ளலாம். ஒரு அளவுகோலின் கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு இணங்கிப் போகின்றன என்பதைச் சொல்ல 1951-இல் லீ கிரான்பாக் எழுதிய கட்டுரையால் புகழ்பெற்ற 'ஆல்ஃபா' என்ற எண்ணைப் பயன்படுத்துகிறார்கள். ஒன்றை நெருங்க நெருங்க நல்லது. கூற்றுகளுக்கு இடையே சராசரி ஒட்டுறவு (ஒன்றில் மதிப்பெண் ஏறினால் மற்றதிலும் ஏறும் அளவு) 0.2 மட்டுமே இருந்தாலும் இருபது கூற்றுகள் இருந்தால் ஆல்ஃபா 0.83 வந்துவிடும். அதே 0.2 ஒட்டுறவோடு நான்கே கூற்றுகள் என்றால் 0.5தான். நான்கை வைத்துக்கொண்டே 0.73 வேண்டும் என்றால் ஒட்டுறவு 0.4 ஆக இருக்க வேண்டும். அதற்கு வழி, நான்கு கூற்றுகளும் ஒன்றைப்போல் ஒன்று இருப்பது. பொய் சொல்லிக் காரியம் சாதிப்பேன், புகழ்ந்து காரியம் சாதிப்பேன், திருப்பிவிட்டுக் காரியம் சாதிப்பேன், பயன்படுத்திக்கொண்டு காரியம் சாதிப்பேன். எண் அழகாக வந்துவிடுகிறது. ஆனால் அளக்கப்பட்ட குணம் சுருங்கிவிட்டது. நாட்டின் வரைபடத்தைத் துல்லியமாக வரைய வேண்டும் என்று சொல்லி ஒரே ஒரு தெருவை மட்டும் துல்லியமாக வரைந்துவிட்டது போல.

சைக்கோபதிக்கு இது இன்னும் மோசம். அந்த நான்கு கூற்றுகளில் ஈரமின்மை இருக்கிறது, முன்பின் யோசிக்காமல் பாயும் குணம் எங்கே? ஆத்திரத்தில் வேலையை உதறுவது, அபாயத்தை நாடிப் போவது, கையில் இருப்பதை ஒரே நாளில் அழிப்பது, இவையெல்லாம் அந்தக் குணத்தின் மறுபாதி. 2012-இல் ஜோஷுவா மில்லர் குழுவினர் இதைத்தான் சுட்டிக்காட்டினார்கள். தங்கள் கட்டுரையின் தலைப்பிலேயே குறும்பட்டியல்களுக்கு ஓர் எச்சரிக்கை என்று எழுதிவிட்டார்கள். சிறைகளிலும் நீதிமன்றங்களிலும் சைக்கோபதியை மதிப்பிடுவதற்கு ராபர்ட் ஹேர் உருவாக்கிய முறை வேறு வகை. அதில் இருபது அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் இரண்டு, மொத்தம் 40. பயிற்சி பெற்ற ஒருவர் நேரில் உட்கார்ந்து நீண்ட நேரம் பேசி, பழைய ஆவணங்களைப் புரட்டிப் பார்த்து, பிறகுதான் மதிப்பெண் போடுவார். ஆளே தனக்குத்தானே மதிப்பெண் போட்டுக்கொள்ளும் வேலை அங்கே கிடையாது.

எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: பொய்யனிடம் போய் நீ பொய்யனா என்று கேட்டால் என்ன பதில் வரும்? நானும் இதைக் கேட்டுவிட்டு பெரிய ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்ட மிதப்பில் இருந்தேன். விஷயம் அவ்வளவு சுலபமாக இல்லை. பெயர் எழுதாத தாளில், பதிலால் எந்த லாபமும் இல்லாதபோது, இந்தக் குணங்கள் கூடியவர்கள் ஆச்சரியப்படும்படி ஒளிவுமறைவில்லாமல் பதில் சொல்கிறார்கள். தன்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ளும் கவலையே அவர்களுக்குக் குறைவு. சாரா கான்ராத்தும் சக ஆய்வாளர்களும் 2014-இல் இதை அதன் எல்லைக்கே கொண்டுபோனார்கள். ஒரே ஒரு கூற்று: 'நான் ஒரு சுயமோகி.' பக்கத்தில் சிறு விளக்கம்: அகந்தை கொண்டவர், தன்னையே சுற்றிச் சுழல்பவர், வீண்பெருமை உடையவர். ஒன்று முதல் ஏழு வரை மதிப்பெண் போடுங்கள். நாற்பது கூற்றுகள் கொண்ட பழைய சுயமோக அளவுகோலோடு இந்த ஒற்றை வரி ஓரளவுக்கு ஒத்துப்போனது. சுயமோகிக்குத் தன் சுயமோகம் குறையாகத் தெரிவதில்லை, கேட்டால் சொல்லிவிடுகிறார். அதே தாளை வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில் கொடுத்துப் பாருங்கள், எல்லோரும் புத்தர்கள்.

தாளில் போட்ட டிக்கும் நிஜத்தில் செய்வதும் பொருந்துமா என்று பார்த்தவர்களும் உண்டு. எரின் பக்கெல்ஸ், ஜோன்ஸ், பவுல்ஹஸ் மூவரும் 2013-இல் வெளியிட்ட சோதனை இது. வந்தவர்களிடம் நான்கு வேலைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். பூச்சிகளைக் கொல்லலாம், கொல்பவருக்கு உதவலாம், கழிப்பறை கழுவலாம், பனிக்கட்டி நீரில் கையை வைத்துத் தாங்கலாம். கொல்வதற்கு ஒரு இயந்திரம். காப்பிக்கொட்டை அரைக்கும் கருவியை மாற்றியமைத்தது. மூன்று சிறு கோப்பைகளில் மூன்று பூச்சிகள். ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதி வைத்திருந்தார்கள்: மஃபின், ஐக், டூட்ஸி. உள்ளே போட்டு மூடி அழுத்தினால் நொறுங்கும் சத்தம் கேட்கும். உள்ளே ஒரு தடுப்பு இருந்ததால் பூச்சிகளுக்கு எதுவும் ஆகவில்லை, ஆனால் அது போட்டவருக்குத் தெரியாது. கால்வாசிக்குச் சற்று மேற்பட்டவர்கள் கொல்வதைத் தேர்ந்தெடுத்தார்கள். பிறர் வலியில் இன்பம் காணும் குணத்தை அளக்கும் வினாப்பட்டியலில் அவர்களுடைய மதிப்பெண் மற்றவர்களுடையதைவிடக் கூடுதலாக இருந்தது. ஆகவே தாளில் போடும் டிக் வெறும் காற்று என்று நான் சொல்ல மாட்டேன். கூட்டத்தைப் பற்றிப் பேச அது உதவுகிறது. (பூச்சிக்கு எதற்குப் பெயர் வைத்தார்கள் என்பதைத்தான் நான் வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். பெயர் இருந்தும் அழுத்தினார்களே என்று காட்டுவதற்குத்தான்.)

தனி ஆளுக்கு வரும்போது கதை மாறுகிறது. மொழிபெயர்ப்பை அனுப்புவதற்கு முந்தைய இரவு, அதை நானே பென்சிலால் நிரப்பிப் பார்த்தேன். முகஸ்துதிக் கூற்றில் முதலில் மூன்று. பிறகு ஒரு கடிதம் நினைவுக்கு வந்தது. படித்து முடிக்கவே முடியாமல் மூடி வைத்த ஒருவருடைய நாவலைப் பற்றி, அவர் கையில் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருந்ததால், இரண்டு பக்கம் உருகி எழுதியிருந்தேன். 'இரவு முழுக்கத் தூங்கவில்லை' என்றுகூட எழுதியதாக ஞாபகம். தூங்காதது உண்மை, காரணம் கொசு. அழித்துவிட்டு நான்கு போட்டேன். பொய்க்கும் நான்கு. பிறரைத் திருப்புவதற்கு மூன்று, பயன்படுத்திக்கொள்வதற்கு இரண்டு. சூழ்ச்சியின் சராசரி 3.25. பிறர் மெச்ச வேண்டும் என்பதில் நான்கு போட்டேன். தற்பெருமைக் கூற்றுகள் நான்கின் சராசரி 3. சைக்கோபதி 2.25, அதிலும் அவநம்பிக்கைக்குப் போட்ட நான்குதான் அதை அந்த அளவுக்கு ஏற்றிவிட்டது.

இந்த 3.25 என்பது என்ன? ஆல்ஃபா 0.75 என்றும் மக்களிடையே திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து சிதறிக் கிடக்கும் அளவு) 0.8 என்றும் வைத்துக்கொண்டால், ஒரு தனி மதிப்பெண்ணின் பிழை 0.4. வழக்கப்படி இருபுறமும் அதன் இரு மடங்கை விட்டுப் பார்த்தால், என் நிஜ இடம் ஏறக்குறைய இரண்டரைக்கும் நான்குக்கும் இடையில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். எல்லோரையும்போல ஓரளவு நேர்மையானவர்கள் வரிசையில் நான் இருக்கலாம், நம்பிப் பணம் கொடுக்கக் கூடாதவர்கள் வரிசையிலும் இருக்கலாம். இந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒருவரை வேலைக்கு வேண்டாம் என்று சொல்வதும், வரன் வேண்டாம் என்று சொல்வதும் கூடவே கூடாது. அந்தக் கடிதம் நினைவுக்கு வராமல் போயிருந்தால் என் மதிப்பெண் சட்டென்று மூன்றாகியிருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மறதி கூடியவர் இந்தத் தாளில் நல்லவர்.

பிறகு ஒரு யோசனை வந்தது. அதே தாளில் 'நான்' என்பதை 'இவர்' என்று மாற்றி ஒரு பிரதி எடுத்து மனைவியிடம் கொடுத்தேன். தன்மதிப்பீட்டின் குறையை நெருங்கியவரின் மதிப்பீடு சரிசெய்யும் என்று ஆய்வாளர்களும் சொல்கிறார்கள். அவள் பேனாவால் நிரப்பினாள், தயங்கவே இல்லை. பிறர் மெச்ச வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்: கூற்றை முழுக்கப் படிப்பதற்கு முன்பே ஐந்து. கவனம் வேண்டும் என்பதற்கும் ஐந்து. ஈரமின்மைக்கு ஒன்று. முகஸ்துதிக்கு, "உங்களுக்கு அதெல்லாம் வராது" என்று சொல்லிக்கொண்டே இரண்டு.

பொய் சொல்லிக் காரியம் சாதித்ததுண்டு என்ற கூற்றுக்கு ஒன்று போட்டாள்.

நான் நான்கு போட்ட இடம் அது. பதினேழு வருடம் கூடவே இருப்பவள் போட்ட ஒன்று. முதலில் மகிழ்ச்சியாக இருந்தது. பிறகு அந்த ஒன்றைப் பார்க்கப் பார்க்க வேறு மாதிரி இருந்தது. பொய் சொல்லாதவனுக்கும் ஒன்றுதான் விழும், பிடிபடாமல் பொய் சொல்கிறவனுக்கும் ஒன்றுதான் விழும்.

"உங்கள் தாளைக் காட்டுங்கள்" என்றாள். பென்சில் தாள் தங்கைக்கு அனுப்ப வேண்டிய உறைக்குள் போய்விட்டதாகச் சொன்னேன்.

"சரி, சூழ்ச்சியில் எவ்வளவு வந்தது? அதையாவது சொல்லுங்கள்."

"இரண்டே கால்" என்றேன்.

"அதுதானே பார்த்தேன்" என்று பேனாவை மூடி வைத்துவிட்டுப் போனாள்.